ஆசிரியரான மேஜர்

ஒரு சங்கத்தை ஆய்வு செய்யச் செல்லும்போது நாம் முதற்கண் கேட்பது ரொக்கப் புத்தகத்தை. அடுத்துக் கேட்பது இருப்புப் பதிவேட்டை. அதன் பின்னர் பேரேடு, பங்குப் பதிவேடு, நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகம் என வரிசையாகப் பார்ப்போம். இவை யாவும் செவ்வனே இருந்தால் சங்கம் நன்றாக நடக்கிறது என்று எழுதிவிட்டு வருவது வழக்கம். ஆயினும், எந்தப் பதிவேட்டிலும் காணக் கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு. இன்று இச்சங்கத்தைத் தாங்கி நிற்பவர் நாளை இல்லையாயின் இது நடக்குமா என்பதே அக்கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நெசவாளர் சங்கத்தில் இக்கேள்வி நம்மை வந்து தாக்கியது. அச்சங்கத்தின் செயலாளர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர், கை சுத்தமானவர். எந்த உறுப்பினருக்கு எத்தனை கட்டு நூல் கொடுத்தோம், எவர் எத்தனை சேலை திருப்ப வேண்டும், எவருக்கு எவ்வளவு கூலி நிலுவை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஏடுகளில் பதிவு பல நாள் பின்தங்கியிருப்பதைச் சுட்டியபோது, "எல்லாம் என் நெஞ்சில் இருக்கிறது ஐயா" என்றார் பெருமையோடு. அடுத்த ஆண்டு அவர் நோயுற்று மூன்று வாரம் படுத்துவிட்டார். நூல் வழங்க ஆளில்லை; வழங்கிய கணக்கும் தெரியவில்லை. பாவு தீர்ந்த தறிகள் சும்மா நின்றன. நெய்தவர்கள் கூலிக்கு வந்து வாயிலில் காத்து நின்றனர். அங்கே களவு நடக்கவில்லை, வஞ்சனை நடக்கவில்லை. ஒரு நல்ல மனிதரை அளவுக்கு மீறிச் சார்ந்திருந்ததே அங்கு நேர்ந்த பிழை.

அந்நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் கடல் கடந்து வந்து மலைநாட்டில் பள்ளி வளர்த்த ஒரு படை அதிகாரியின் வாழ்க்கை நம் நினைவுக்கு வருகிறது. மேஜர் ஜெஃப்ரி லாங்லண்ட்ஸ் என்பது அவர் பெயர். 2019ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், தமது 101ஆம் வயதில், அவர் லாகூரில் காலமானார். ஆங்கிலேயராய்ப் பிறந்து, பாகிஸ்தானில் வாழ்ந்து, அங்கேயே மறைந்த அவரை நம் தமிழ்நாட்டுச் சங்க உறுப்பினர்கள் ஏன் அறிய வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அந்நாட்டு அரசோடு நம் நாட்டுக்குள்ள பிணக்குகள் நாம் அறிந்தவையே. ஆனால் ஏழைப் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவனின் தொண்டுக்கு எல்லைக்கோடு இல்லை. மேலும், அவருடைய வாழ்க்கையில் நம் சங்கங்களுக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, அவர் செய்ததால் கிடைப்பது. மற்றொன்று, அவருக்கும் எளிதில் கைகூடாமற் போனதால் கிடைப்பது.

பெற்றோரை இழந்த பிள்ளை

லாங்லண்ட்ஸ் 1917ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் ஹல் நகரில் இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். மறு ஆண்டு உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சலில் தந்தை மாண்டார். கைம்பெண்ணான தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிரிஸ்டல் நகரிலிருந்த தம் பெற்றோர் வீட்டுக்குச் சென்றார். அவரும் 1930இல் புற்றுநோயால் மறைந்தார். திக்கற்ற சிறுவன் படிப்பைத் தொடர்ந்தது பிறர் செய்த உதவியினால்தான். டாண்டன் என்னும் ஊரில் உள்ள கிங்ஸ் கல்லூரி என்ற பள்ளியில் அவர் பயின்றார்.

பிறர் உதவியால் கற்றவர் இருவகைப்படுவர். கரை ஏறியதும் ஓடத்தை மறப்போர் ஒரு வகை. தாமே ஓடமாக விரும்புவோர் மற்றொரு வகை. லாங்லண்ட்ஸ் இரண்டாம் வகையினர். 1936ஆம் ஆண்டு, பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே, லண்டனை அடுத்த கிராய்டனில் ஒரு பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். கணிதமும் விஞ்ஞானமும் அவர் கற்பித்த பாடங்கள். படை அதிகாரியாக இருந்து ஆசிரியரானவர் என்றே அவரைப் பலரும் குறிப்பிடுவர். உண்மையில் அவர் முதலில் ஆசிரியர், இடையில் படைவீரர், பிறகு மீண்டும் ஆசிரியர்.

போரும் பிரிவினையும்

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. சாதாரணச் சிப்பாயாகப் படையிற் சேர்ந்த அவர், பின்னர் அதிரடிப் படைப் பிரிவில் இடம்பெற்றார். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் பிரான்சு நாட்டின் தியெப் துறைமுகத்தின்மீது நேச நாடுகள் நடத்திய தாக்குதலில் அவரும் பங்கு கொண்டார். ஏறத்தாழ 6,000 வீரர் சென்ற அத்தாக்குதல் பெருந்தோல்வியில் முடிந்தது. சென்றவருள் பெரும்பாலோர் கனடா நாட்டினர். அவர்களுள் மட்டும் 900 பேருக்கு மேல் ஒரே நாளில் மடிந்தனர். அக்கடற்கரையிலிருந்து உயிரோடு மீண்டவர்களுள் ஒருவர்தாம், பின்னாளில் கரும்பலகையின் முன் நின்று சிறுவர்களுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

1944இல் அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தார். 1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது படையும் பிரிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரிகளுள் பெரும்பாலோர் தாயகம் திரும்பினர். லாங்லண்ட்ஸோ புதிய பாகிஸ்தான் படைக்குப் பயிற்சி அளிக்கும் பணியை ஏற்று ராவல்பிண்டி சென்றார். பிரிவினைக் காலத்தின் கொடுமைகளை நேரில் கண்டவர் அவர். பயிற்சி ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அவர் ஊர் திரும்பியிருக்கலாம். அப்போது அந்நாட்டின் படைத் தலைவராயிருந்த அயூப் கான் அவரை அங்கேயே தங்கி ஆசிரியப் பணியாற்றுமாறு வேண்டினார். அவரும் இசைந்தார். துப்பாக்கி பிடித்த கை மீண்டும் சுண்ணக்கட்டியை எடுத்தது.

செல்வர் பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகள்

லாகூரில் உள்ள எய்ட்சிசன் கல்லூரி 1886இல் நிறுவப்பெற்றது. அரச குடும்பத்தார், பெருநிலக்கிழார் ஆகியோரின் பிள்ளைகளுக்கென அமைந்த பள்ளி அது. அங்கு 1954 முதல் 1979 வரை லாங்லண்ட்ஸ் கணிதம் கற்பித்தார். அவரிடம் பயின்றவர்கள் பலர் பின்னாளில் உயர் பதவிகளை அடைந்தனர். 1993 முதல் 1997 வரை பாகிஸ்தானின் குடியரசுத் தலைவராயிருந்த ஃபாரூக் லெகாரி, 2002 முதல் 2004 வரை பிரதமராயிருந்த ஜஃபருல்லா ஜமாலி, கிரிக்கெட் வீரராய்ப் புகழ்பெற்று 2018 முதல் 2022 வரை பிரதமராயிருந்த இம்ரான் கான் ஆகியோர் அவர்களுட் சிலர்.

விடுமுறை நாட்களில் மாணவர்களை வடக்கேயுள்ள மலைப்பகுதிகளுக்கு நடைப்பயணமாக அழைத்துச் செல்வது அவர் வழக்கம். ஆசிரியர் மறைந்தபோது பிரதமர் பதவியில் இருந்த இம்ரான் கான் தமது இரங்கற் செய்தியில் நினைவுகூர்ந்ததும் அதையே. மலைநடையிலும் வடபகுதிகளிலும் தமக்குப் பற்று ஏற்பட்டது அவ்வாசிரியராலேயே என்று அவர் குறிப்பிட்டிருந்தார். பாடப்புத்தகத்தில் உள்ளதை மாணவன் மறக்கக்கூடும். ஆசிரியரோடு நடந்த வழியை மறப்பதில்லை.

இவ்வாறு பிரபுக்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்து, மதிப்போடு ஓய்வு பெற்றிருந்தாலே அவர் வாழ்வு சிறந்ததாக எண்ணப்பட்டிருக்கும். அவரோ அவ்வாறு எண்ணவில்லை.

மலைநாட்டு அழைப்பு

1979இல், அன்று வடமேற்கு எல்லைப்புற மாகாணம் என வழங்கிய பகுதியின் ஆட்சியாளர் அவரை அழைத்தனர். வடக்கு வசீரிஸ்தானில் ராஸ்மாக் என்னும் மலையூரில் அதற்கு முந்திய ஆண்டு தொடங்கப்பெற்ற படைப்பயிற்சிப் பள்ளிக்குத் தலைமை ஏற்குமாறு வேண்டினர். அது பழங்குடி மக்கள் வாழும் பகுதி. ஆடவர் பலர் துப்பாக்கி ஏந்தியே நடமாடும் நாடு. அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழையவே, எல்லையை அடுத்த அப்பகுதியில் ஆயுதமும் அகதிகளும் நிறைந்தன. அறுபது வயதைக் கடந்த ஒருவர், லாகூரின் சோலைகளை விட்டு அங்குச் செல்ல ஒப்பினார், பத்தாண்டுகள் இருந்தார்.

1988ஆம் ஆண்டு அவருக்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. தேர்தலில் தோல்வியுற்ற ஒரு தலைவரின் ஆட்கள் அவரைக் கடத்திச் சென்றனர். தேர்தல் முடிவை மாற்றுவதற்கு அவரைப் பணயமாக வைப்பதே அவர்கள் நோக்கம். ஆறு நாட்கள் மலைக்குள் சிறை வைக்கப்பட்டிருந்த பின் அவர் விடுவிக்கப்பட்டார். எழுபது வயது முதியவர் இந்த அனுபவத்துக்குப்பின் எங்குச் செல்வார்? தாயகம் செல்வார் என்றே எவரும் கருதுவர். அவரோ 1989ஆம் ஆண்டு செப்டம்பரில், முன்னதினும் தொலைவான மற்றொரு மலைப்பள்ளிக்குச் சென்றார்.

சித்ராலில் ஒரு பள்ளி

சித்ரால், இந்துகுஷ் மலைத்தொடரின் நடுவே அமைந்த பள்ளத்தாக்கு. 7,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள திரிச்மீர் சிகரம் அதன் தலைமேல் நிற்கிறது. அம்மக்கள் பேசுவது கோவார் என்னும் மொழி. சிறு வயல்களில் கோதுமையும் சோளமும் பயிரிடுவர். வாதுமை, அக்ரோட் முதலிய மரங்களை வளர்ப்பர். நம் நெசவாளத் தோழர்கள் அறிந்து மகிழத்தக்க ஒரு செய்தியும் உண்டு. ஆட்டு மயிரைக் கையால் நூற்றுத் தறியில் நெய்யும் கம்பளித் துணி அப்பகுதியின் பழந்தொழில். அதனை அங்கு ஷூ என்றும் பட்டி என்றும் வழங்குவர். அத்துணியில் தைக்கும் மடிப்புத் தொப்பி அந்நாட்டு ஆடவரின் அடையாளம். ஆகவே, நம்மைப் போன்றே நிலத்தையும் தறியையும் நம்பி வாழும் மக்கள் அவர்கள்.

அப்பள்ளத்தாக்குக்குச் செல்லும் பெருவழி, 3,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள லோவாரிக் கணவாயின் வழியாகச் சென்றது. குளிர்காலத்தில் பனி மூடினால் பல மாதங்கள் அவ்வழி அடைபட்டுவிடும். ஏறத்தாழ எட்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை 2017இல் திறக்கப்பட்ட பின்னரே அந்த இடர் நீங்கியது. லாங்லண்ட்ஸ் அங்கு வாழ்ந்த காலம் முழுவதும் பனி விதித்த நாட்குறிப்பின்படியே வந்து போக வேண்டியிருந்தது.

அங்கு 1988இல் மாவட்ட அதிகாரி ஒருவரின் முயற்சியால் ஒரு பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. லாங்லண்ட்ஸ் பொறுப்பேற்றபோது அதில் எண்பது பிள்ளைகள் அளவிலேயே பயின்றனர். அவர் காலத்தில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ ஆயிரமாக உயர்ந்தது. ஆண், பெண் இருபாலாரும் பயின்றனர். பெண் கல்விக்குப் பெருந்தடை நிலவிய எல்லைப்புறத்தில் இது எளிய செயலன்று. அப்பள்ளி பின்னாளில் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

இதனை அவர் சாதித்த முறை யாது? மந்திரம் ஏதுமில்லை. நாள்தோறும் குறித்த நேரத்தில் எழுவார்; ஓட்ஸ் கஞ்சி, முட்டை, தேநீர் என அதே காலையுணவை உண்பார்; நேர்த்தியாக உடுத்திக்கொண்டு பள்ளிக்குச் செல்வார். மணம் புரியவில்லை, சொத்துச் சேர்க்கவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டிய பின்னரும் பள்ளி நாளில் பள்ளியில் இருந்தார். படையில் அவர் கற்றதை வன்மையாக மாற்றாமல் ஒழுங்காக மாற்றிக்கொண்டார். நேரம் தவறாமை, சொன்னதைச் செய்தல், கடினமான இடத்துக்குத் தாமே முன் செல்லுதல் என்ற மூன்றும் நல்ல படை அதிகாரியின் குணங்கள். நல்ல ஆசிரியரின் குணங்களும் அவையே. சங்கச் செயலாளருக்கு வேண்டியனவும் வேறல்ல. நூல் வழங்கும் நாளில் நூல் வழங்குவதும், கூலி நாளில் கூலி கொடுப்பதும், எடை போடும்போது முள் நேரே நிற்பதுமே உறுப்பினர்களின் நம்பிக்கையை வளர்க்கும். மேடைப் பேச்சால் அது வளர்வதில்லை.

இது நாம் அவரிடம் கற்கும் முதற்பாடம்.

கைமாற்றும் கடமை

இரண்டாம் பாடத்தைச் சொல்வதற்குச் சிறிது தயக்கமாகவே இருக்கிறது. ஆயினும் புகழுரை மட்டும் எழுதுவது ஆய்வாளர் தொழிலுக்கு அழகன்று.

பள்ளியின் கட்டணம் குறைவு. செலவோ ஆண்டுக்காண்டு உயர்ந்தது. மேஜரின் இறுதிப் பணிக்காலத்தில் பள்ளி நிதி நெருக்கடிக்கு உள்ளாயிற்று. கட்டடங்களும் கற்பித்தலும் சீர்திருத்தம் வேண்டி நின்றன. பெருந்தொகையான நிலைநிதியை எவரும் எளிதில் கொடுத்துவிடவில்லை. நாட்டை ஆண்ட மாணவர்கள் பலர் இருந்தும், பள்ளியைத் தாங்கும் ஏற்பாடு அம்மாணவர்களின் புகழுக்கு ஈடாக அமையவில்லை. ஒருவர் மீது மக்கள் கொண்ட அன்பு வேறு. நிறுவனத்துக்கு வேண்டிய நிதி வேறு. முன்னது இருந்தால் பின்னது தானே வரும் என்று நம்பியிருத்தல் தவறு.

தமக்குப்பின் பள்ளியை நடத்த ஒருவரைத் தேடுவதும் நெடுங்காலம் பிடித்தது. தொண்ணூற்றைந்து வயதை ஒட்டிய நிலையில்தான் அவர் பொறுப்பை ஒப்படைத்தார். 2013இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அம்மையார் தலைமை ஏற்றார். புதியவர் மாற்றங்களைக் கொணரவே, பழகிய வழியில் நின்றோர்க்கு மனத்தாங்கல் உண்டாயிற்று. 2015ஆம் ஆண்டில் பழைய தலைவருக்கும் புதிய தலைவருக்குமிடையே தோன்றிய பிணக்கு செய்தித்தாள்களிலும் வெளிவந்தது. பின்னர் அது தணிந்து, புதிய தலைவர் பணியைத் தொடர்ந்தார். பள்ளியும் நிலைத்தது.

இதனைக் குறைகூறும் நோக்கத்தோடு நாம் எழுதவில்லை. கால் நூற்றாண்டு தம் கையால் வளர்த்த ஒன்றைப் பிறர் கையில் வைக்கும்போது மனம் பதறாதவர் யார்? பெற்ற மகளை மணமுடித்து அனுப்பும் தந்தை, மருமகனின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது இயல்பே. ஆனால் தியெப் கடற்கரையிலும் வசீரிஸ்தான் மலையிலும் அஞ்சாது நின்றவருக்கே ஒப்படைப்பு இத்துணைக் கடினமாக இருந்ததென்றால், நம்மைப் போன்றோர்க்கு அது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இறுதிக் காலத்தில் அவர் லாகூரிலேயே, தாம் முன்பு பணியாற்றிய எய்ட்சிசன் கல்லூரி வளாகத்தில் வசித்தார். 2017இல் அவர் நூறாவது பிறந்தநாள் அங்குக் கொண்டாடப்பட்டது. பழைய மாணவர்கள், தாமும் முதியவர்களாகி, அவரைக் காண வந்தவண்ணம் இருந்தனர்.

நம் சங்கங்களுக்கு

கூட்டுறவின் தத்துவமே, ஒருவரை நம்பி இராமல் அனைவரும் சேர்ந்து தாங்குவது. அதனாலேயே நிர்வாகக் குழுவுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்ற விதி உள்ளது. அதனாலேயே நிகர இலாபம் முழுவதையும் பங்கிட்டுக் கொள்ளாமல் சேமநிதிக்கு ஒரு பகுதியையும், கூட்டுறவுக் கல்வி நிதிக்கு ஒரு பகுதியையும் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் வகுத்துள்ளது. பல உறுப்பினர்கள் இவ்விரு ஒதுக்கீடுகளையும் தம் ஈவுத்தொகையைக் குறைக்கும் வீண் பிடித்தமாகக் கருதுவதை மகாசபைகளில் நாம் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். சேமநிதி என்பது நல்ல தலைவர் இல்லாத ஆண்டுக்காக நல்ல தலைவர் உள்ள ஆண்டில் எடுத்து வைப்பது. கல்வி நிதி என்பது அடுத்த தலைவரை உருவாக்குவதற்காக இன்றைய உறுப்பினர் இடும் வித்து. விதை நெல்லைத் தின்னும் உழவன் நம்மிடையே இல்லை.

எனவே, ஒவ்வொரு சங்கமும் மூன்றைச் செய்யலாம். செயலாளரின் நெஞ்சில் உள்ளது அன்றன்று ஏட்டில் ஏறவேண்டும். அவருக்குத் துணையாக, இளைய உறுப்பினர் ஒருவராவது கணக்கெழுதவும் கொள்முதல் செய்யவும் பழக வேண்டும். ஓய்வு பெறுபவரை மாலையிட்டு அனுப்புவதோடு நில்லாமல், அவர் அறிந்தவற்றை ஆறு மாதமேனும் உடனிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பொறுப்பை விடுபவரும், விட்டபின் கடிவாளத்தைப் பிடித்திழுக்காதிருத்தல் வேண்டும்.

தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட செயலாளர் நலமடைந்து திரும்பினார். தறிகள் நின்ற அந்த மூன்று வாரம் அவரை வெகுவாக வருத்தியது. நாம் சொல்லாமலேயே, உறுப்பினர் ஒருவரின் மகளை உதவியாளராக அமர்த்துமாறு குழுவிடம் கேட்டுக்கொண்டார். அப்பெண் பள்ளியிறுதி வகுப்புத் தேறியவர். பாவு தோய்ப்பதும் தெரிந்தவர். ஓராண்டுக் காலம் அவரை அருகில் இருத்திப் பேரேடு எழுதக் கற்பித்துவிட்டு, செயலாளர் ஓய்வு பெற்றார்.

சென்ற ஆய்வின்போது நாம் அங்குச் சென்றிருந்தோம். ஏடுகள் முதல்நாள் மாலைவரை எழுதப்பட்டிருந்தன. பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். நூல் இருப்பு எவ்வளவு என்று பழைய வழக்கப்படி அவரையே கேட்டுவிட்டோம். அவர் சிரித்துவிட்டு, "எனக்குத் தெரியாது ஐயா. உள்ளே மகளைக் கேளுங்கள்" என்றார்.

அவர் ஆற்றிய சேவைகளுள் இவ்விடையே தலைசிறந்தது என்று அன்றைய ஆய்வுக் குறிப்பில் எழுத விரும்பினோம். அதற்கான கட்டம் படிவத்தில் இல்லாமையால் இங்கு எழுதுகிறோம்.